மீதிப் பணம் கட்டும் முன் உங்கள் காரைப் பாருங்கள்

ஷோரூமில் புது கார் வாங்குகிறவர்களில் பலர் எந்த மாடல், எந்த நிறம், எவ்வளவு தள்ளுபடி என்று வாரக்கணக்கில் அலசுவார்கள். ஆனால் தங்கள் கைக்கு வரப்போகிற அந்த ஒரே ஒரு வண்டியை முதல்முறையாகப் பார்ப்பது டெலிவரி அன்றுதான். அதற்குள் முழுப் பணமும் போய்விட்டிருக்கும், வண்டி அவர்கள் பெயரில் பதிவாகியும் இருக்கும்.

பதிவு முடிந்த பிறகு டீலரால் அந்த வண்டியை வேறொருவருக்குப் புது கார் என்று விற்க முடியாது. அதனால் கதவில் பெயின்ட் அடித்த தடம் இருந்தாலும், கண்ணாடி மாற்றப்பட்டிருந்தாலும், "சர்வீஸுக்கு வரும்போது சரி பண்ணித் தர்றோம்" என்பதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அதே குறையைப் பதிவுக்கு முந்தைய நாள் சுட்டிக்காட்டினால் வேறு வண்டி கேட்க வழியிருக்கிறது. குறை ஒன்றுதான், காட்டிய நாள்தான் வேறு. ஆகவே இந்த வரிசையை விட்டுக்கொடுக்காதீர்கள்: எழுத்தில் விலை, முன்பணம், சேஸிஸ் எண்ணோடு (வண்டியின் தனி அடையாள எண்) வண்டி ஒதுக்கீடு, நேரில் சோதனை, அதன் பிறகு மீதிப் பணம், காப்பீடு, பதிவு, கடைசியில் டெலிவரி.

கடனில் வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடன் தொகை பெரும்பாலும் வங்கியிலிருந்து நேராக டீலர் கணக்குக்குப் போகும். நீங்கள் கையெழுத்துப் போட்ட மறுநாளே அது போய்விட்டால் உங்கள் பிடி தளர்ந்துவிடும். "வண்டியைப் பார்த்துவிட்டு நான் சொன்ன பிறகே தொகையை விடுவியுங்கள்" என்று வங்கிக்கு எழுத்தில் சொல்லி வையுங்கள்.

விலை பேசும்போது

மொத்தத் தொகை மட்டும் எழுதிய காகிதம் கொட்டேஷன் ஆகாது. வண்டியின் விலை, வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு, நீட்டித்த வாரன்டி, ஆக்சசரீஸ், டீலரின் சேவைக் கட்டணங்கள் என்று ஒவ்வொன்றும் தனி வரியில் வேண்டும். வரியும் அரசுக் கட்டணமும் பேரம் பேசிக் குறையாது. மற்ற எல்லாத் தொகைகளிலும் பேச இடம் உண்டு. ஆவணக் கட்டணம், கையாளும் கட்டணம் என்ற பெயரில் வருவதற்கெல்லாம் "இதற்கு என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். சரியான பதில் வராத கட்டணத்தை எடுக்கச் சொல்லலாம்.

தள்ளுபடியை இலவச ஆக்சசரீஸாகத் தருகிறேன் என்றால் யோசியுங்கள். சீட் கவர், மேட், கதவோரப் பட்டை போன்றவற்றில் டீலருக்கு லாப விகிதம் அதிகம். பட்டியல் விலையில் 30,000 என்று போட்டுத் தருவது அவருக்கு அதைவிட நன்றாகக் குறைந்த செலவிலேயே முடிந்துவிடும். இன்வாய்ஸில் குறையும் தள்ளுபடிதான் உங்களுக்கு முழு மதிப்பு. அதிலும் மின் இணைப்பு வேண்டிய ஆக்சசரீஸ் என்றால் கூடுதல் கவனம் தேவை. கூடுதல் விளக்கு, வேறு மியூசிக் சிஸ்டம், கேமரா போன்றவற்றைக் கம்பியை வெட்டி இணைத்துப் பொருத்தினால், பிற்பாடு மின்சாரக் கோளாறு எது வந்தாலும் வாரன்டி மறுக்க அதுவே காரணமாகும். கப்ளர் மூலம், அதாவது கம்பியை வெட்டாமல் செருகும் இணைப்பு மூலம், பொருந்துபவை மட்டும் போதும். இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம்.

அடிப்பகுதிக் கோட்டிங், பெயின்ட் பாதுகாப்பு, உள்ளலங்காரப் பாதுகாப்பு என்று ஒரு தொகுப்பு அநேகமாக எல்லா ஷோரூமிலும் வரும். இன்றைய கார்களின் உடல் தொழிற்சாலையிலேயே துருத்தடுப்புப் பூச்சுக் குளியல் முடித்து வருகிறது. அதன்மேல் கவனமில்லாமல் அடிக்கும் கோட்டிங், கதவின் அடிவிளிம்பிலும் பக்கச் சட்டத்திலும் உள்ள நீர் வடியும் துளைகளை அடைத்துவிட்டால், தண்ணீர் உள்ளே தேங்கித் துரு அங்கேதான் தொடங்கும். பாதுகாப்புக்குப் பணம் கட்டித் துருவை வாங்கிய கதை ஆகிவிடும். கடற்கரையோரத்திலோ சாலையில் உப்புத் தூவும் ஊரிலோ இருப்பவர்களுக்கு அது உண்மையிலேயே பயன்படலாம். அப்போதும் துளைகளை மறைத்துவிட்டு அடிக்கத் தெரிந்த இடத்தில்தான் செய்ய வேண்டும்.

காப்பீட்டை டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வெளியில் விலை கேட்கும்போது ஒரே அளவுகோலில் ஒப்பிடுங்கள். வண்டிக்கு அறிவித்த மதிப்பு, விபத்தில் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு, கூடுதல் பாதுகாப்புகள் ஆகிய மூன்றும் சமமாக இருந்தால்தான் பிரீமியத்தை ஒப்பிடுவதில் பொருள் உண்டு. மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தைக் குறைப்பது எளிது.

மாதத் தவணை என்னும் மாயம்

"மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று சேல்ஸ்மேன் கேட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவதே நல்லது. அந்த ஒரு எண் தெரிந்துவிட்டால், வருடத்தைக் கூட்டி எந்த விலையையும் அதற்குள் பொருத்திவிடலாம். 5,00,000 கடனுக்கு 9 சதவீதக் குறையும் இருப்பு வட்டியில் (அந்தந்த மாதம் மீதமுள்ள கடனுக்கு மட்டும் போடும் வட்டி) 5 வருடத்துக்கு மாதம் சுமார் 10,380 வரும். அதையே 7 வருடமாக்கினால் சுமார் 8,045. மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் குறைகிறதே என்று தோன்றும். ஆனால் மொத்த வட்டி சுமார் 1,22,750 என்பதிலிருந்து சுமார் 1,75,750 ஆக ஏறிவிடுகிறது. அதோடு கார் விலை இறங்கும் வேகத்துக்குக் கடன் இறங்காது. நான்காம் வருடம் விற்க நினைத்தால் கைக்காசு போட்டுக் கடனை அடைக்க வேண்டிவரலாம்.

வட்டி விகிதம் எந்த வகை என்பதையும் கேட்டே ஆக வேண்டும். 'ஃபிளாட்' வட்டி 7 சதவீதம் என்றால் குறைவாகத் தெரியும். அது முதல் நாள் கடனுக்கு ஐந்து வருடமும் வட்டி போடும் கணக்கு. 5,00,000க்கு 5 வருடத்தில் 1,75,000 வட்டி, மாதம் 11,250. குறையும் இருப்புக் கணக்கில் இது சுமார் 12.5 சதவீதம். அந்த வித்தியாசத்தைச் சொல்லாமலே கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

பூஜ்ய வட்டிச் சலுகையிலும் ஒரு கேள்வி உண்டு: ரொக்கமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி இதில் உண்டா? பல நேரம் இருக்காது. ரொக்கத்துக்கு 30,000 தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். அதை விட்டுக்கொடுத்து 5,00,000ஐ 36 மாதம் பூஜ்ய வட்டியில் கட்டினால், உண்மையில் நீங்கள் 4,70,000 கடன் வாங்கி ஆண்டுக்கு சுமார் 4 சதவீத வட்டி கட்டுகிறீர்கள். 4 சதவீதம் நல்ல வட்டிதான், எடுத்துக்கொள்ளலாம். பூஜ்யம் என்று நம்பி எடுக்க வேண்டாம் என்பதே விஷயம். செயல்முறைக் கட்டணம், முன்கூட்டி அடைத்தால் அபராதம், கடனுக்குள்ளேயே சேர்க்கப்பட்ட ஆயுள் காப்பீடு ஆகியவற்றையும் கடன் ஒப்பந்தத்தில் தேடுங்கள்.

பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்கள், புது காரின் விலை எழுத்தில் முடிந்த பிறகே பழைய வண்டிப் பேச்சை எடுங்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் இங்கே கூட்டி அங்கே குறைப்பார்கள், எது எவ்வளவு என்பது கடைசிவரை புரியாது. வெளியில் இரண்டு மூன்று இடத்தில் பழைய காருக்கு விலை கேட்டு வைத்துக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும். வண்டியை ஒப்படைக்கும்போது தேதியும் நேரமும் ஓடிய தூரமும் எழுதிய ரசீது வாங்குங்கள். உரிமை மாற்றம் முடிந்த சான்றைப் பார்க்கும்வரை விடாமல் கேளுங்கள். அதுவரை அந்த வண்டி செய்யும் எதற்கும் காகிதத்தில் உரிமையாளர் நீங்கள்தான்.

முன்பணம் கட்டும்போது ரசீதில் மாடல், வேரியன்ட், நிறம், ஒப்புக்கொண்ட மொத்த விலை, டெலிவரி தேதி, ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். பணம் நிறுவனக் கணக்குக்கே போக வேண்டும். சேல்ஸ்மேனின் சொந்தக் கணக்குக்கு ஒரு காசும் வேண்டாம். புக்கிங் படிவத்தின் பின்பக்கத்தில் 'டெலிவரி நாளில் உள்ள விலையே பொருந்தும்' என்று சிறிய எழுத்தில் இருந்தால், அதை அடித்துவிட்டு இன்றைய விலையை எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால், விலை ஏறினால் முழு முன்பணத்தோடு விலகிக்கொள்ளும் உரிமையையாவது எழுதி வாங்குங்கள்.

டெஸ்ட் டிரைவ் பற்றிச் சுருக்கமாக: நீங்கள் வாங்கப்போகும் அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ், அதே அளவு டயர் உள்ள வண்டியை ஓட்டுங்கள். உயர்ந்த வேரியன்ட்டின் பெரிய சக்கரம் பள்ளத்தில் தரும் உணர்வு வேறு. ஷோரூமைச் சுற்றிப் பத்து நிமிடம் போதாது. மேடு, மோசமான சாலை, வேகமாகப் போகும் சாலை, குறுகிய இடத்தில் ரிவர்ஸ் ஆகிய நான்கும் வேண்டும். பின்சீட்டில் உட்காரப்போகிறவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வண்டியைச் சோதிக்கும் நாள்

தொழிற்சாலையை விட்ட பிறகு ஒரு கார் லாரியில் ஏறி இறங்குகிறது, சில சமயம் கப்பலிலோ ரயிலிலோ வருகிறது, விற்கும்வரை வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டில் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது, யார் யாரோ அதை நகர்த்துகிறார்கள். புது காரில் அடிபட்ட தடம் எப்படி வரும் என்று ஆச்சரியப்பட வேண்டியதில்லை. டெலிவரிக்கு முந்தைய சோதனை என்று தயாரிப்பு நிறுவனமே டீலருக்கு ஒரு பட்டியல் கொடுத்திருக்கும். பிடிஐ என்பார்கள். அதில் டெக்னீஷியன் கையெழுத்திட்ட பிரதியைக் கேளுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பிவிடாமல் நீங்களும் பாருங்கள்.

பகல் வெளிச்சத்தில், வண்டி கழுவிக் காய்ந்த நிலையில் பார்க்க வேண்டும். ஈரம் மெல்லிய கீறலை மறைக்கும், ஷோரூம் விளக்கு மிச்சத்தை மறைக்கும். பாலிஷ் போட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். டார்ச், டயர் பிரஷர் கேஜ், பேட்டரியின் வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டர் ஆகியவை கையில் இருந்தால் நல்லது. இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் உள்ளே பொத்தான்களை அழுத்த, இன்னொருவர் வெளியே விளக்குகளைப் பார்க்கலாம். ஒரு மணி நேரமாவது ஆகும்.

முதலில் எண். சேஸிஸ் எண் எனப்படும் வாகன அடையாள எண் 17 இலக்கம் கொண்டது. பூஜ்யத்தோடும் ஒன்றோடும் குழம்பக்கூடாது என்பதற்காக ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது. உடலில் பொறித்த எண், கதவுத் தூணில் உள்ள தகடு, விண்ட்ஷீல்டின் கீழ் மூலையில் எண் இருந்தால் அது, உங்களுக்குக் கொடுத்த ஒதுக்கீட்டுக் கடிதம் என எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். பல தயாரிப்பாளர்கள் பத்தாவது இடத்தை மாடல் ஆண்டுக்குப் பயன்படுத்துகிறார்கள். அந்த முறையில் 2024க்கு ஆர், 2025க்கு எஸ், 2026க்கு டி. எல்லாரும் இதைப் பின்பற்றுவதில்லை, மாடல் ஆண்டும் தயாரித்த ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதும் இல்லை. ஆகவே தயாரித்த மாதமும் ஆண்டும் என்ன என்று தனியாகக் கேட்டு இன்வாய்ஸில் எழுதச் சொல்லுங்கள்.

வயதைக் கார் தானே சொல்லும். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அது டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், வெளிப்பக்கம் தெரியாவிட்டால் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். நான்கு டயரும் சில வார வித்தியாசத்தில் இருப்பது இயல்பு. ஒன்று மட்டும் பல மாதம் புதியதாகவோ வேறு பிராண்டாகவோ இருந்தால் அது மாற்றப்பட்டிருக்கிறது, ஏன் என்று கேளுங்கள். சீட் பெல்ட்டின் அடியில் உள்ள லேபிளிலும் பெரும்பாலும் தயாரிப்புத் தேதி இருக்கும். கண்ணாடிகளின் மூலையில் உள்ள முத்திரை எல்லாவற்றிலும் ஒரே நிறுவனத்தின் பெயரைக் காட்ட வேண்டும். பக்கக் கண்ணாடி ஒன்றில் மட்டும் வேறு பெயர் என்றால் அது உடைந்து மாற்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம். விண்ட்ஷீல்டு மட்டும் தொழிற்சாலையிலேயே வேறு நிறுவனத்திடமிருந்து வருவதுண்டு, அதே யார்டில் நிற்கும் அதே மாடலோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் யார்டில் நின்ற வண்டியை வாங்கவே கூடாது என்பதில்லை. தள்ளுபடி போதுமா என்பதுதான் கேள்வி. மூன்று நான்கு வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால், மறுவிற்பனையில் ஒரு வருடப் பழமை நேராக விலையில் அடிக்கும். பத்து வருடம் ஓட்டப்போகிறவருக்கு அது பெரிதல்ல. ஆனால் நின்ற வண்டியில் பேட்டரி, டயர், பிரேக் மூன்றும் பாதிக்கப்படும்.

எஞ்சினை அணைத்து சில மணி நேரம் ஆன 12 வோல்ட் ஈய அமில பேட்டரியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் அளவில் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் சுமார் பாதி. 12 அல்லது அதற்கும் கீழே பல வாரம் நின்ற பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். மறுபடி சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்து காட்டினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள், புது பேட்டரி கேளுங்கள். ஒரே இடத்தில் நின்ற டயரில் தட்டையான தடம் விழுந்து ஓடும்போது அதிரும். சில கிலோமீட்டரில் சூடாகிச் சரியானால் பரவாயில்லை, சரியாகாவிட்டால் டயரை மாற்றச் சொல்ல வேண்டும். பிரேக் டிஸ்க்கில் மெல்லிய ஆரஞ்சுத் துரு ஒரு மழைக்கே வரும், நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். விரல் நகத்தில் தட்டுப்படும் பள்ளமாகத் துரு அரித்திருந்தால் டிஸ்க் மாற வேண்டும்.

பெயின்ட்டைக் கீழே குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். நேர் எதிரே நின்றால் ஒன்றும் தெரியாது. பேனலில் விழும் பிரதிபலிப்பு ஓரிடத்தில் மட்டும் அலையடித்தால் அங்கே தட்டி நிமிர்த்தியிருக்கலாம். மறுபெயின்ட்டின் தடயம் விளிம்புகளில்தான் இருக்கும்: கதவு ரப்பரில் தெறித்த பெயின்ட், டேப் ஒட்டிய கோடு, பானட் கீல்களிலும் ஃபெண்டர் போல்ட்டுகளிலும் ஸ்பானர் பட்டுப் பெயர்ந்த பெயின்ட். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி கிடைத்தால், தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். மற்ற பேனல்கள் 110 என்று இருக்கும்போது ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் அந்தக் கதவு மறுபடி அடிக்கப்பட்டது. 500ஐத் தாண்டினால் உள்ளே பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி இருக்கும். பிளாஸ்டிக் பம்பரை இந்தக் கருவி அளக்காது. பானட், கதவு, டிக்கி இடைவெளிகள் இடமும் வலமும் ஒரே அளவா என்று விரலை வைத்துப் பாருங்கள்.

பானட்டைத் திறந்தால் எலி கடித்த கம்பி, எச்சம், கூடு கட்டிய பஞ்சு ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். யார்டில் நின்ற வண்டிகளில் இது சாதாரணமாக நடப்பது, ஒரு கம்பி அறுந்தாலும் பல மாதம் விட்டுவிட்டு வரும் கோளாறாக அலைக்கழிக்கும். ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மட்டம் குறிகளுக்கு இடையே இருக்க வேண்டும். எஞ்சினை முன்கூட்டியே ஓட விட்டிருக்கிறார்களா என்று பானட்டைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்த நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்வது முக்கியம். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து, ஸ்டார்ட் ஆன பிறகு அணைய வேண்டும். அணையாத விளக்கு கோளாறு. முதலிலேயே எரியாத விளக்கும் கோளாறுதான், அதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்கேனர் போட்டுப் பதிவான பிழைக் குறியீடுகளைக் காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர் புகுந்த வண்டியை மூக்கு முதலில் கண்டுபிடிக்கும். பூஞ்சை வாடையோ, அதை மறைக்கும் அளவுக்கு அதிகமான வாசனைத் திரவமோ இருந்தால் நிதானியுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் வண்டல் கோடு தெரியும். சீட் தண்டவாளம், அதன் போல்ட், ஸ்டெப்னி வைக்கும் குழி ஆகிய இடங்களில் துருவும் ஈரமும் தேடுங்கள். மேட்டைத் தூக்கிக் கார்ப்பெட்டைக் கையால் அழுத்துங்கள். தண்ணீர் புகுந்த காரைச் சரிசெய்து வாங்குவது என்ற பேச்சே கிடையாது. கனெக்டர்களுக்குள் அரிப்பு தொடங்கிவிட்டால் வருடக்கணக்கில் தொடரும்.

ஓடோமீட்டரில் சில பத்து கிலோமீட்டர் இருப்பது சாதாரணம். நூறைத் தாண்டினால் காரணம் கேளுங்கள். வேறு ஊர் டீலரிடமிருந்து ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாம், டெஸ்ட் டிரைவுக்கு ஓடியிருக்கலாம். திரையில் புளூடூத் பட்டியலைத் திறந்து பாருங்கள். யார் யார் போனோ இணைந்திருந்தால், நேவிகேஷனில் பழைய இடங்கள் இருந்தால், அது பலர் ஓட்டிய வண்டி. டயரில் மெல்லிய ரப்பர் முடிகள் உதிர்ந்திருப்பதும் பெடல் ரப்பர் மழுங்கியிருப்பதும் அதையே சொல்லும். டெமோ கார் வாங்குவதில் தவறில்லை, டெமோ விலையில் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே எல்லா கண்ணாடியும் ஏற்றி இறக்கி, எல்லா சீட் பெல்ட்டும் மாட்டி, இரண்டு சாவியாலும் எல்லா கதவும் பூட்டித் திறந்து பாருங்கள். ஏசியைப் பத்து நிமிடம் ஓட விட்டால் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். முன்சீட்டுப் பயணியின் காலடியில் ஈரம் வந்தால் வடிகுழாய் அடைப்பு. ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகத் தனித்து ஒலிக்க விடுங்கள். பிரோஷரைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வேரியன்ட்டுக்கு உரிய வசதிகளை டிக் அடியுங்கள். கீழ் வேரியன்ட் வண்டி தவறிப்போய் ஒதுக்கப்படுவது உண்டு. ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பானர், இழுக்கும் கொக்கி, பூட்டு நட் இருந்தால் அதன் சாவி, பஞ்சர் கிட் இருந்தால் அதன் காலாவதித் தேதி எல்லாம் பாருங்கள்.

டீலர் மறந்துவிடும் மூன்று விஷயங்கள் உண்டு. கொண்டுவரும்போது டயரில் தட்டைத் தடம் விழாமல் இருக்கக் காற்றை அதிகமாக அடைத்திருப்பார்கள். கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு இறக்காவிட்டால் வண்டி குதிக்கும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். பேட்டரி வடியாமல் இருக்கச் சில வண்டிகளில் ஒரு ஃபியூஸைக் கழற்றி வைப்பார்கள் அல்லது டிரான்ஸ்போர்ட் மோடில் வைப்பார்கள். அதை மாற்றாவிட்டால் சில வசதிகள் வேலை செய்யாமல் திரையில் செய்தி வரும். சில மாடல்களில் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குக்குள் அடைப்புக் கட்டைகள் வைத்திருப்பார்கள். எடுக்க மறந்தால் கட்டை வண்டி போலத் தூக்கிப் போடும்.

மின்சாரக் காரானால் இன்னும் சில: பெரிய பேட்டரியை 100 சதவீதத்திலோ பூஜ்யத்துக்கு அருகிலோ மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் வயதாகும். யார்டில் எந்த அளவில் வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். வீட்டு சார்ஜர் கேபிளிலும் வேக சார்ஜரிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பேட்டரி வாரன்டி பல நிறுவனங்களில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்ற அளவில் இருக்கும். எத்தனை சதவீதக் கொள்ளளவுக்குக் கீழே போனால் அது செல்லுபடியாகும் என்ற வரிதான் அதில் உயிர், பெரும்பாலும் 70 சதவீதம் என்று இருக்கும்.

குறை கண்டால்

ஒவ்வொன்றையும் சேஸிஸ் எண் தெரியும் ஒரு படத்தோடு சேர்த்துப் படம் எடுத்து, அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள். மேட் இல்லை, துடைத்தால் போகும் கறை, வலுவில்லாத பேட்டரி போன்றவை சரிசெய்யக் கூடியவை, டெலிவரிக்கு முன் செய்து முடிக்கச் சொல்லி எழுதி வாங்கினால் போதும். மறுபெயின்ட் அடித்த பேனல், தண்ணீர் புகுந்த தடம், எலி கடித்த வயரிங், பொருந்தாத எண், அணையாத எச்சரிக்கை விளக்கு இவற்றில் எதுவானாலும் வேறு வண்டி கேளுங்கள். "இன்னும் மூணு வாரம் ஆகும் சார், ஸ்டாக் இல்ல" என்பார்கள். காத்திருங்கள். யார்டுக்குள் வெளியாட்களை விடுவதில்லை என்று மறுத்தால், வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுவரச் சொல்லலாம். முழுப் பணம் கட்டாமல் வண்டி ஒதுக்க மாட்டோம் என்றால், ஒரு பகுதி மட்டும் கட்டி, சோதனையில் திருப்தி இல்லாவிட்டால் மாற்று வண்டி அல்லது முழுத் தொகை என்று எழுத்தில் கேளுங்கள். அதற்கும் மறுக்கும் இடத்தில் வாங்கத்தான் வேண்டுமா என்று யோசிக்க வேண்டும்.

வாரன்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதை நிறுவனத்தின் கணினிப் பதிவில் காட்டச் சொல்லுங்கள். மாத இலக்கை எட்டுவதற்காக, விற்காத வண்டியை விற்றதாக முன்கூட்டியே டீலர் கணக்கில் ஏற்றுவது உண்டு. அப்படி ஏற்றியிருந்தால் நீங்கள் வாங்கும் முன்பே வாரன்டி ஓடத் தொடங்கியிருக்கும். நீட்டித்த வாரன்டி தயாரிப்பு நிறுவனத்துடையதா, வெளியார் நிறுவனத்துடையதா என்று பாருங்கள். எது சேராது என்ற பட்டியலைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். பல நிறுவனங்களில் முதல் வாரன்டி முடியும் முன் எப்போது வேண்டுமானாலும் அதை வாங்கலாம், இன்றே முடிவெடுக்க வேண்டிய அவசரமில்லை.

டெலிவரி அன்று இன்வாய்ஸ், காப்பீடு, பதிவு ஆவணம் மூன்றிலும் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் உங்கள் பெயரின் எழுத்துகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். காப்பீட்டில் ஒரு இலக்கம் மாறினாலும் விபத்துக் கோரிக்கையின்போது அலைச்சல். 'வண்டி நல்ல நிலையில் பெறப்பட்டது' என்ற காகிதத்தைக் கடைசியாகக் கையெழுத்திடுங்கள். ஏதாவது மிச்சம் இருந்தால் அதே காகிதத்தில் உங்கள் கையால் எழுதி, அவர்களின் கையெழுத்தோடு ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்தில் நல்ல மழையிலோ குழாய்த் தண்ணீரிலோ கதவோரம், சன்ரூஃப், டிக்கி கசிகிறதா என்று பாருங்கள். சமதளச் சாலையில் ஸ்டீயரிங் நேராக இருந்தும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட்டை வாரன்டியிலேயே செய்து தருவார்கள், தள்ளிப்போட்டால் டயர் தேய்மானம் என்று காசு கேட்பார்கள். முதல் 1,000 கிலோமீட்டர் வரை முழு ஆக்சிலரேட்டரைத் தவிர்த்து, ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். உங்கள் மாடலின் கையேடு வேறு தூரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். எந்தப் புகாரானாலும் வாயால் சொல்லிவிட்டு வராமல் ஜாப் கார்டு (சர்வீஸ் சென்டரில் புகாரைப் பதியும் தாள்) போடச் சொல்லுங்கள். 'சத்தம் வருகிறது' என்று எழுத விடாமல், 'குளிர்ந்த எஞ்சினில், முதல் கியரில், இடது முன்சக்கரப் பக்கம்' என்று நீங்கள் சொன்ன விவரத்தோடே எழுத வையுங்கள். அதே கோளாறு மூன்றாம் முறை வரும்போது நிறுவனத்திடம் காட்ட அந்த ஜாப் கார்டுகளின் பிரதிகள்தான் வேண்டும்.